பத்துக்கு எத்தனை வலி

எங்கள் பக்கத்தில் யாருக்காவது கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் மார்பின் எழுதிக் கொடுத்துவிட்டால், அந்த வீட்டு ஆள் ஒருவர் நாலைந்து நாளில் எங்கள் வாசலில் வந்து நிற்பார். காபி குடித்து முடிக்கும் வரை மழை, தேங்காய் விலை என்று பேசிக்கொண்டிருப்பார். டம்ளரைக் கீழே வைத்த பிறகுதான் விஷயம் வரும். "ஏனுங்க, நீங்க அந்த மருந்து குடிச்சவங்கன்னு சொன்னாங்க. ஒருக்கா குடிச்சா அப்புறமு உடவே முடியாதுங்களாமா?"

"என்னையப் பாத்தா எப்புடித் தெரியுதுங்க?" என்று நான் திருப்பிக் கேட்பேன். அவர்கள் சங்கடப்பட்டுச் சிரிப்பார்கள். ஆறு மாதம் குடித்தேன், விட்டும் இரண்டு வருஷமாகிறது. இப்போது நான் விட முடியாமல் தவிப்பது காபி ஒன்றைத்தான்.

ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி அலுத்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன். இதில் என் வீட்டுக்காரர் செய்த காரியம் ஒன்று வருகிறது, நான் செய்த காரியமும் ஒன்று வருகிறது. எழுதட்டுமா என்று அவரிடம் கேட்டேன். "உன்னுதையும் சேத்தி எழுதறதா இருந்தா எழுது" என்றார். நியாயமான பேச்சுதான்.

நாங்கள் இருப்பது பொள்ளாச்சிக்குத் தெற்கே, ஆனைமலை போகிற வழியில். கொஞ்சம் தென்னை, ஆறு கறவை மாடு. வீட்டில் மூன்று பேர்: நான், அவர், அவருடைய அண்ணன் சம்சாரம். அண்ணன் காலமாகிப் பல வருஷமாகிறது. அவர் சம்சாரத்தை நான் அக்கா என்பேன். எனக்குக் கூடப் பிறந்தவள் இல்லாத குறையை அந்த அக்கா தீர்த்து வைத்தார். எங்கள் ஒரே மகள் கல்யாணமாகிச் சென்னிமலைப் பக்கம் இருக்கிறாள்.

எனக்கு நாற்பத்திநான்கு வயதில் வலது இடுப்பு எலும்பில் வலி வந்தது. முதலில் வாயுப் பிடிப்பு என்றார்கள். பிறகு நரம்பு அழுத்தம் என்று பெல்ட் போட்டார்கள். எண்ணெய் போட்டு நீவிவிட்டவர் ஒருவர், சூடு வைக்கலாமா என்று கேட்டவர் ஒருவர். நான்கு மாதம் இப்படி ஓடியது. கடைசியில் எக்ஸ்ரே எடுத்த டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் பேசாமல் என் வீட்டுக்காரரிடம் பேச ஆரம்பித்தார்.

கோயமுத்தூருக்கு அனுப்பினார்கள். எலும்பிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு ஒன்பது நாள் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த ஒன்பது நாளில் வீட்டில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. ரிசல்ட்டில் லிம்போமா என்று வந்தது. உடம்பைக் காவல் காக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகை கட்டுமீறிப் பெருகி, என் இடுப்பு எலும்பில் போய்க் குடியேறியிருக்கிறது. புற்றுநோய்தான். ஆனால் குணப்படுத்தக்கூடிய புற்றுநோய் என்று டாக்டர் சொன்னார். ஊசி மருந்து ஆறு தடவை, பிறகு கதிர் வைத்தியம் ஐந்து வாரம். "ஆறேழு மாசம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா பொழைச்சுக்கலாம்" என்றார். பல்லைக் கடிப்பதில்தான் எனக்கு வினையே வந்தது.

எலும்பு வலியைப் பட்டவர்களுக்குத்தான் தெரியும். வெட்டுப்பட்ட வலி கொஞ்ச நேரத்தில் ஓயும். இது உள்ளேயிருந்து கடைகிற வலி. படுத்தாலும் கடையும், உட்கார்ந்தாலும் கடையும். அக்கா கால் அமுக்க வந்தால் கையைத் தட்டிவிடுவேன், அவர் போன பிறகு அழுவேன். சாதாரண வலி மாத்திரைகள் ஒன்றும் எடுபடவில்லை. அதற்கு அடுத்த படி கோடீன் என்றார்கள். இருமல் மருந்தில் கலக்கிற சமாச்சாரம்தானாம். அதுவும் இரண்டு வாரத்தில் கைவிட்டது. முதல் ஊசி முடிந்ததும் என்னை ஆஸ்பத்திரியிலேயே வலிக்கென்று இருக்கும் தனிப் பிரிவுக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு டாக்டரம்மா. ஒல்லியான உருவம், காலில் ரப்பர் செருப்பு, பேச்சில் அவசரமே இல்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு முதல் கேள்வி கேட்டார். "வலியே இல்லைன்னா பூஜ்யம். இதுக்கு மேல தாங்கவே முடியாதுன்னா பத்து. உங்க வலிக்குப் பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?"

நான் யோசித்தேன். உண்மையில் ஒன்பது. ஆனால் வந்து உட்கார்ந்ததும் ஒன்பது என்று சொன்னால் அந்தம்மா என்ன நினைப்பார்? "பரவால்லீங்க, அஞ்சு போட்டுக்குங்க" என்றேன்.

எங்கள் ஊர்ப்பக்கத்து ஆட்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். கால் முறிந்து கிடப்பவரை எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டாலும், முதல் வார்த்தை பரவால்லீங்க என்றுதான் வரும். எதிரில் இருப்பவர் மனசு கஷ்டப்படக் கூடாது என்பது எங்களுக்குப் பாலோடு ஊட்டிய பழக்கம். அதிலும் டாக்டர் கஷ்டப்பட்டு ஒரு மருந்து கொடுத்திருக்கிறார், அது கேட்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராக எப்படிச் சொல்வது?

டாக்டரம்மா மார்பின் எழுதினார். எழுதுவதற்கு முன்னால் அது என்ன என்று விளக்கினார். கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது காய்ந்தால் அபின். அபினிலிருந்து பிரித்தெடுக்கிற மருந்து மார்பின். நாம் குருமாவுக்கு அரைக்கிற கசகசா அதே செடியின் விதை. நம் மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தி வந்து சேரும் இடங்களில் சின்னச் சின்ன இருக்கைகள் உண்டாம். மார்பின் அதில் போய் உட்கார்ந்துகொண்டால் வலிச் செய்தி மேலே போகாது. "எலும்புல இருக்கற நோவ இது குணமாக்காது. நோவு குணமாகற வரைக்கும் நீங்க மனுஷியா இருக்கறதுக்கு இது" என்றார்.

விதிகளும் சொன்னார். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை, கடிகாரம் பார்த்துக் குடிக்க வேண்டும். வலி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. முதல் வாரம் குமட்டும், தூக்கம் வரும், மூக்கு நுனி அரிக்கும். இவை எல்லாம் நாளாக ஆகக் குறையும். மலச்சிக்கல் மட்டும் குறையாது, அதற்குத் தினமும் பேதி மாத்திரை கூடவே சாப்பிட வேண்டும். கடைகளில் இந்த மருந்து கிடைக்காது. சட்டம் அப்படி. இந்த ஆஸ்பத்திரி மருந்தகத்தில், இரட்டைப் பூட்டுப் போட்ட அலமாரியிலிருந்து எடுத்து, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள். மற்ற மருந்துகளின் பில்லைப் பார்த்து மயக்கம் போட இருந்த எங்களுக்கு, இத்தனை காவலில் இருந்த மருந்துதான் மிகவும் மலிவு என்பது ஆச்சரியமாக இருந்தது.

மார்பின் என்ற வார்த்தையைக் கேட்டதிலிருந்து என் வீட்டுக்காரர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். மருந்தகத்தில் கையெழுத்துப் போடும்போது, "இது போதை மருந்துதானுங்களே?" என்று மட்டும் கேட்டார். மருந்து கொடுத்த பெண் ஆமாம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல், "டாக்டர் சொன்ன அளவு குடுங்க சார்" என்றாள். உக்கடத்தில் பஸ் ஏறி வீடு வரும்வரை அந்தப் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

மருந்து ஊற்றிக் கொடுக்கிற வேலை அவருடையது. விடிகாலை பால் கறக்கப் போவதற்கு முன் ஒன்று, பிறகு நான்கு நான்கு மணிக்கு ஒன்று. ஒரு நாள்கூடத் தவறவில்லை. கசப்பு நாக்கில் நிற்கக் கூடாது என்று கையில் ஒரு துண்டு அச்சுவெல்லம் வைத்திருப்பார். நான் விழுங்கியதும் அதை என் வாயில் போடுவார். இருபத்திநான்கு வருஷக் குடித்தனத்தில் அவர் எனக்கு ஊட்டிவிட்டது அந்த ஆறு மாதம்தான்.

ஆனால் வலி குறையவில்லை. ஒன்பது, எட்டாயிற்று, அவ்வளவுதான். மலச்சிக்கல் மட்டும் டாக்டரம்மா சொன்னபடி முறையாக வந்து சேர்ந்தது. அடுத்த வாரம் போனோம். "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். "நெம்பப் பரவால்லீங்க, நாலு" என்றேன். அவர் என்னைக் கூர்ந்து பார்த்துவிட்டு ஸ்கேன் எடுக்க அனுப்பினார், கூடவே அவரும் வந்தார். ஸ்ட்ரெச்சரிலிருந்து என்னை மேசைக்கு மாற்றினார்கள். நான் கத்தவில்லை. ஆனால் உதட்டைக் கடித்ததில் ரத்தம் வந்துவிட்டது. டாக்டரம்மா பஞ்சால் துடைத்துவிட்டு, "நாலு மார்க்குக்கு யாரும் இப்புடி உதட்டக் கடிக்க மாட்டாங்கம்மா" என்று சொல்லி, பத்து மில்லிகிராமை இருபது ஆக்கினார். இரண்டு வாரம் கழித்து அதுவும் போதவில்லை என்று என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்து நாற்பது ஆக்கினார். ஒவ்வொரு தடவையும் மருந்துச் சீட்டை வாங்கும்போது என் வீட்டுக்காரர் முகம் கறுத்துப் போனதை நான் பார்த்தேன். நோய் முற்றிக்கொண்டு போகிறது என்று பயப்படுகிறார் போலிருக்கிறது என்று எண்ணி, அவரிடமும் பரவால்லீங்க என்றே சொல்லிவந்தேன்.

மூன்றாவது ஊசி என்னைப் புரட்டிப் போட்டது. இரண்டு நாள் ஓயாத வாந்தி. தண்ணீர்கூட நிற்கவில்லை. வாடகைக் கார் வைத்துக் கொண்டுபோய் வார்டில் சேர்த்தார்கள். மறுநாள் காலை என் வீட்டுக்காரர் மாடுகளைப் பார்க்க ஊருக்குப் போனார். போகும்போது மார்பின் பாட்டிலை லீலாம்மா சிஸ்டரிடம் கொடுத்துவிட்டுப் போனார். லீலாம்மா பாலக்காட்டுக்காரர். சிரித்த முகம், வார்டில் எல்லோருக்கும் பிடித்தவர். வெளியிலிருந்து வந்த மருந்தை வார்டில் கொடுக்கக் கூடாது என்பது விதி. அவர் பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு, வார்டு அலமாரியிலிருந்து சீட்டில் இருந்தபடி நாற்பது மில்லிகிராம் அளந்து பத்து மணிக்குக் கொடுத்தார்.

அரை மணி நேரத்தில் எனக்கு வலி நின்றுபோனது. அதை எப்படிச் சொல்வது? வலி எழுந்து பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது மாதிரி இருந்தது. அக்கா துணைக்கு இருந்தார். அவர் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டேன். மூன்று மாதமாகத் தூங்காதவள் தூங்குகிறாளே என்று அக்கா மின்விசிறியைக்கூடக் கூட்டி வைக்காமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம். இரண்டு மணிக்கு லீலாம்மா வந்து தோளைத் தட்டி, "அம்மா, எப்படி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். நான் கண்ணைத் திறக்காமல், "பரவால்லீங்க" என்றேனாம். தெளிவாகத்தான் பேசுகிறாள் என்று நினைத்து அடுத்த நாற்பதையும் கொடுத்திருக்கிறார். பரவால்லீங்க என்பதை நான் செத்த பிறகும் ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போவேன் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

அதற்கு மேல் நடந்தது அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். மூன்றரை மணிக்கு நான் விட்ட குறட்டை ஒரு மாதிரி இருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. என் உதடு நீலம் பூத்திருந்தது. அக்கா கூப்பிட்டுப் பார்த்தார், கிள்ளிப் பார்த்தார், பிறகு வராந்தாவுக்கு ஓடினார். லீலாம்மா வந்து வாட்சைப் பார்த்து மூச்சை எண்ணினார். நிமிஷத்துக்கு ஐந்து. சாதாரணமாகப் பன்னிரண்டுக்கு மேல் இருக்க வேண்டும். இமையைத் தூக்கினால் கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. மார்பின் அதிகமானால் தெரிகிற அடையாளங்கள் இவைதான்: ஆழ்ந்த மயக்கம், குறைந்த மூச்சு, சுருங்கிய கண்மணி.

டாக்டரம்மா ஓடி வந்தார். மூக்கில் ஆக்சிஜன் வைத்து, நாலாக்சோன் என்ற மாற்று மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நரம்பில் ஏற்றினார். அதைப் பற்றி எனக்குப் பின்னால் விளக்கினார். மார்பின் உட்காருகிற இருக்கைகளில் இது துண்டு போட்டு இடம் பிடித்துவிடும். மார்பின் எழுந்து நிற்க வேண்டியதுதான். ஆனால் இதன் வேலை சீக்கிரம் முடிந்துவிடும். எழுந்து நின்ற மார்பின் மறுபடி உட்காரப் பார்க்கும். அதனால் பல மணி நேரம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ள வேண்டும், தேவைப்பட்டால் மறுபடி கொடுக்க வேண்டும்.

எனக்கு நினைவு வந்தபோது முதலில் வந்தது வலி. பக்கத்து அறைக்குப் போன வலி கதவை உதைத்துத் திறந்துகொண்டு வந்தது. அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு பேர் முன்னால் அலறினேன். கட்டிலைச் சுற்றிப் பலர் நின்றார்கள். என் வீட்டுக்காரர் ஊரிலிருந்து அப்போதுதான் வந்தவர், கையில் சோற்றுத் தூக்குடன் கால்மாட்டில் நின்றார். கொஞ்சம் தள்ளிச் சுவரோரம் லீலாம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

பெரிய சிஸ்டர் அவரிடம் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். எத்தனை அளந்தாய்? எந்தக் கோப்பையில் அளந்தாய்? யார் பார்த்தார்கள்? மூன்று வாரமாக வீட்டில் நாற்பது குடிக்கிறவருக்கு, வார்டில் அதே நாற்பது கொடுத்தால் எப்படி மூச்சு நிற்கும்? அளவில்தான் தப்பு நடந்திருக்க வேண்டும் என்றார். டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "இல்லைன்னா இவங்க உடம்புக்கே மார்பின் ஒத்துக்கலைன்னு அர்த்தம். இனிமே இதக் குடுக்க முடியாது" என்றார். அந்த வலியிலும் எனக்கு அது காதில் விழுந்தது. இனி ஊசியும் கதிரும் முடியும்வரை மருந்தே இல்லாமல் இந்த வலியோடு கிடக்க வேண்டும். அதைவிட அந்த மூச்சு நின்றே போயிருக்கலாம் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்கவில்லை.

அக்கா என் வீட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "தம்பி, சொல்லிப்போடுங்க" என்றார்.

அவர் தூக்கைக் கீழே வைத்தார். "சிஸ்டரு மேல தப்பில்லீங்க. ஊட்ல இவளுக்கு நான் குடுத்தது நாப்பது இல்லீங்க."

"அப்புறம் எத்தனை?"

"பத்துங்க. பாதிக்கு மேல ஊத்தி வெச்சுப்போட்டுத் தண்ணி கலந்துபோட்டேனுங்க. ஊத்துன மருந்து தீவனத் தொட்டிக்குப் பின்னால பாட்டில்ல அப்படியே இருக்குதுங்க. கொட்டலீங்க. சட்டமாச்சுங்களே."

சொசைட்டிக்கு இருபத்திரண்டு வருஷமாகப் பால் ஊற்றுகிற மனுஷன். பாலில் தண்ணீர் பார்க்கிற லாக்டோமீட்டர் அவர் கேனில் ஒரு நாளும் குறை காட்டியதில்லை. மடி கழுவிய கை ஈரத்தோடு கறந்தால்கூடச் சண்டைக்கு வருவார். அவர் வாழ்நாளில் தண்ணீர் கலந்தது என் மருந்தில்தான் என்று அந்த நிமிஷம் நினைத்தேன்.

"ஏனுங்க இப்படிச் செஞ்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். குரலில் கோபத்தைவிடத் திகைப்புத்தான் இருந்தது.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஆட்டினார். "எங்கண்ணன் குடிச்சே போனவருங்க. அவர நிறுத்த முடியலீங்க. பாட்டில்ல தண்ணி கலந்து கலந்து கொறைக்கப் பாத்தேன். அவுரு ஒண்ணுக்கு ரெண்டா வாங்கிக் குடிச்சாருங்க. நீங்க பத்த இருவது பண்ணுனீங்க, இருவத நாப்பது பண்ணுனீங்க. எனக்கு அண்ணன் நெனப்பு வந்துபோட்டுதுங்க. இவளையும் அதுக்குக் குடுத்துப்போடுவேனோன்னு..." துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் பாட்டிலில் அவர் தண்ணீர் கலந்ததைக் கண்ணால் பார்த்தவர் என்பதால்தான் அக்காவுக்குச் சந்தேகம் தட்டியிருக்கிறது.

அவர்மேல் எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஒன்றரை மாதம் நான் பட்டது கொஞ்சமா? பின்னால் வந்தது, நன்றாகவே வந்தது, இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அந்த நிமிஷத்தில் வந்தது பரிதாபம்தான். நான்கு மணிக்கு ஒரு தடவை கையில் வெல்லத்தோடு என் பக்கத்தில் உட்கார்ந்து, நான் துடிப்பதைப் பார்த்துக்கொண்டு, இது இவள் நல்லதுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு அந்த மனுஷன் எப்படி இருந்திருப்பார்?

"பத்து மட்டும் குடிச்சுட்டு இந்த வலிய எப்புடித் தாங்குனீங்க?" என்று டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார். "வந்தப்பெல்லாம் நாலுன்னீங்க, அஞ்சுன்னீங்க?"

"உங்க மனசு கஷ்டப்படுமேன்னுங்க" என்றேன். சொல்லும்போதே எனக்கு வெட்கமாகிவிட்டது.

"ஒருத்தரு மருந்துல தண்ணி, ஒருத்தரு பேச்சுல தண்ணி. நான் ஒண்ணரை மாசமா யாருக்கு வைத்தியம் பாத்துட்டு இருந்தேன்?" என்றார். பிறகு முதல் வேலையாக லீலாம்மாவிடம் போய் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னார். என் வீட்டுக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு லீலாம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். சிஸ்டர் பதறிப்போய், "வேண்டா சார், வேண்டா" என்று அவர் கையைப் பிடித்து இறக்கினார்.

மறுநாள் காலை டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துப் பேசினார். நடந்ததில் யார் யார் பங்கு என்ன என்று பிரித்துச் சொன்னார். பத்துக்குப் பழகின உடம்பில் திடீரென்று நாற்பது போனது ஒன்று. வாந்தியில் நீர் வற்றி, சிறுநீரகம் மந்தமாகி, மருந்தின் கழிவு வெளியே போகாமல் தேங்கியது இன்னொன்று. சரியான அளவில் ஆரம்பித்து மெல்ல ஏற்றினால் இந்த மருந்து மூச்சை அமுக்காது. வலியே மூச்சைத் தட்டி எழுப்பிக்கொண்டிருக்கும் என்றார்.

என் வீட்டுக்காரர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "பழகிப்போச்சுன்னா?"

"உடம்பு பழகும். நான் இல்லைன்னு சொல்லலை. திடீர்னு நிறுத்துனா மூக்கு ஒழுகும், கொட்டாவியா வரும், வயிறு போகும், மயிர்க்கூச்செடுக்கும். அதுக்காகப் படிப்படியாக் குறைப்போம். உடம்பு பழகறது வேற, மனசு அதுக்கு அடிமையாகறது வேற. வலிக்காக அளவாக் குடிக்கறவங்க அப்படி ஆகறது நெம்ப அபூர்வம். அதையும் நான் பாத்துட்டேதான் இருப்பேன்."

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டார். "சினை மாட்டப் பால் வத்த உடறாப்பலயிங்களா? ஒரே நாள்ல கறவைய நிறுத்துனா மடி கட்டிக்கும். ஒரு வேளை உட்டு ஒரு வேளை கறந்து நிறுத்துனா ஒண்ணும் பண்ணாது."

டாக்டரம்மாவுக்கு மாடு தெரியாது. ஆனாலும், "அதேதான்" என்றார்.

அன்றிலிருந்து புது ஏற்பாடு. முதலில் ஐந்து, பிறகு பத்து, சிறுநீரகம் தேறிய பிறகு பதினைந்து. பதினைந்திலேயே நின்றது. ஊற்றி வைத்திருந்த பாட்டில்களை எல்லாம் என் வீட்டுக்காரர் பையில் போட்டுக் கொண்டுவந்து ஒப்படைத்தார். மருந்தை ஊற்றுவதற்கு முன்னால் என்னைக் கேட்கச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அவரும் கேட்பார். "எத்தனை அம்மணி?" சொன்ன எண்ணைத் தினசரிக் காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைப்பார்.

உண்மையைச் சொல்வது எனக்குப் பழகவே இல்லை. ஏழு என்று சொல்லும்போது ஏதோ அவரைத் திட்டுகிற மாதிரி இருக்கும். அவர் முகம் சுருங்கும். ஆனாலும் எழுதிக்கொள்வார். ஏழு ஐந்தாயிற்று, ஐந்து மூன்றாயிற்று. ஒருநாள் மத்தியானம் எழுந்து உட்கார்ந்து, அக்கா கொண்டுவந்த அரிசியும் பருப்பும் சாதத்தை நானே பிசைந்து சாப்பிட்டேன். நெய் கம்மியாக இருக்கிறது என்று குறையும் சொன்னேன். அக்கா வாசல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீதி ஊசிகளும், ஐந்து வாரக் கதிரும் முடிந்தன. தலைமுடி போனது, மறுபடி குழந்தை முடியாக முளைத்தது. எலும்பு ஆறிக்கொண்டு வருகிறது என்று படம் சொன்னது. "இனிக் குறைக்கலாம். கால் பங்கு குறைச்சு நாலு நாள் பாருங்க. அப்புறம் இன்னும் கொஞ்சம்" என்றார் டாக்டரம்மா.

சந்தோஷப்படுவார் என்று என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். "இப்பவேங்களா? இன்னொரு மாசம் இருக்கட்டுங்க. கொறைச்சு, வலி வந்துபோட்டா அவ சொல்ல மாட்டாளுங்க. உங்களுக்கு அவளைத் தெரியாதுங்க."

டாக்டரம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் சொன்ன பொய்கள் அத்தனையும் அந்த மனுஷன் மனசில் எவ்வளவு ஆழமாகப் போய் உட்கார்ந்திருக்கின்றன என்று அப்போதுதான் தெரிந்தது. பூஜ்யம் என்று சொன்னால் இனி இவர் நம்பவே மாட்டார்.

அதனால் சின்னச் சின்ன வலியைக்கூட ஒளிக்காமல் சொல்ல ஆரம்பித்தேன். "ரெண்டுங்க. கெணத்து மேட்டுல ஏறுனதுல." "ஒண்ணுங்க, ராத்திரி ஒருக்களிச்சுப் படுத்தேன்." குறைத்த இரண்டாம் வாரம் ஒருநாள் கொட்டாவியாக வந்து மூக்கு ஒழுகியது. அதையும் சொன்னேன். அவர் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி டாக்டரம்மாவிடம் கேட்டு, இரண்டு நாள் அதே அளவில் நிறுத்தி, பிறகு குறைத்தார். பதினைந்து பத்தாகி, ஐந்தாகி, இரவு ஒரு வேளை மட்டும் ஆகி, அதுவும் நின்றது.

நின்று மூன்றாம் நாள் காலை. பால் கேனைச் சொசைட்டியில் கொடுத்துவிட்டு வந்தவர், கை கால் கழுவிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மருந்து இல்லை, ஆனாலும் கேள்வி நிற்கவில்லை.

"எத்தனை அம்மணி?"

நான் அவசரப்படாமல் காலை நீட்டி மடக்கிப் பார்த்தேன். இடுப்பை அமுக்கிப் பார்த்தேன். எழுந்து நாலடி நடந்து திரும்பி வந்தேன். "ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பிவிட்டார் என்று தெரிந்தது. காலண்டர் தாளில் பூஜ்யம் போட்டார். பிறகு பேனாவை மூடாமலேயே, தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"எங்கண்ணனுக்குப் பத்து வருசம் பாட்டில்ல தண்ணி கலந்தேன் அம்மணி. உனக்கு எங்கே வலிக்குதண்ணா, எத்தனை வலிக்குதுன்னு ஒருக்காக்கூட அவருகிட்ட நான் கேக்கலை."

அடுப்படியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது.